மூன்றாம் நாள் உபயம்

போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் வந்திருந்தாள். கல்யாணப் பத்திரிகை வைக்கத்தான் வந்தாள். வைத்துவிட்டுக் கிளம்பாமல் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து என் முன்னால் போட்டாள். கடையில் வாங்கிய நோட்டு இல்லை. துண்டு நோட்டீஸ்களை அடுக்கி ஓரத்தில் நூல் போட்டுத் தைத்தது. உள்ளே அவள் மூன்றாம் வகுப்பில் எழுதிய வாய்ப்பாடு. தாளைத் திருப்பினால் மறுபக்கத்தில் பச்சை மசியில் நம் வாலிபால் போட்டி நோட்டீஸ். பரணைச் சுத்தம் செய்தபோது கிடைத்ததாம்.

மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தேன். உன் பிரஸ்ஸுக்குள் நுழைந்தாலே அடிக்கும் மசி வாசனை துளிகூட இல்லை, கரப்பான்பூச்சி நாற்றம்தான் வந்தது. நோட்டீஸ் அடியில் நீ அச்செழுத்தில் கோத்திருந்த வரிசை மட்டும் அப்படியே இருந்தது. முதல் நாள் உபயம் இன்னார், இரண்டாம் நாள் உபயம் இன்னார், மூன்றாம் நாள் உபயம் ஆஸ்பத்திரி முக்கு இட்லிக்கடை லோகம்மாள்.

உன் மகள் கேட்டாள். "மாமா, அப்பா மொகம் ஞாபகம் இருக்குது. கொரலு மறந்துபோச்சு. எவ்ளோ யோசிச்சாலும் வரமாட்டேங்குது. நீங்க அப்ப டோர்னமென்ட்ட கேபிள்ல போட்டீங்களாமே, எதுலனா அப்பா பேசறது இருக்குமா? ரிசப்ஷன்ல ஒரு நிமிஷம் போட்டாப் போதும்."

தேடிப் பார்க்கிறேன், அடுத்த ஞாயிறு வா என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வாரத்தில்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது நீ எழுந்து போகமாட்டாய் என்கிற தைரியத்தில் எழுதுகிறேன்.

நாம் இருவரும் ஒரே அணியில் ஆடியவர்கள். உன் முழங்கால் போனதும் நீ மைக்கைப் பிடித்தாய், ஆட்டமே வராத நான் கேமராவைப் பிடித்தேன். போட்டி தொடங்கிய முதல் வருஷம் நம்மிடம் வலைகூட இல்லை. நீதான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீதி வீதியாகப் போனாய். பணம் யாரிடமும் கேட்கமாட்டேன், பொருளாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தாய். சாயப்பட்டறைக்காரர் மணல் அடித்துக் கொடுத்தார். ஒரு தறிக்காரக் குடும்பம் சிறந்த ஆட்டக்காரனுக்கு என்று பட்டு அங்கவஸ்திரம் நெய்து கொடுத்தது. வந்தவாசியிலிருந்தும் தெள்ளாரிலிருந்தும் வரும் அணிகளுக்குப் பசியாற லோகம்மாள் இட்லி கொடுத்தாள். பதிலுக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். கோயில் திருவிழாவில் நாளுக்கு ஒரு குடும்பத்து உபயம் என்று இல்லையா, அப்படி நாளைப் பிரித்துக் கொடுத்துவிடலாம், முதல் சர்வீஸ் போடுவதற்கு முன் அவர்கள் பெயரை மைக்கில் சொல்லிவிடலாம் என்றாய். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற நீ, கோயில் வழக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்து பள்ளிக்கூட மைதானத்தில் வைத்தாய். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த தை மாதம் அவரவர் நாளை அவரவரே வந்து கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு வாக்கில் நான் நம் ஆரணியில் கேபிள் இழுத்து முடித்திருந்தேன். மைதானத்திலிருந்து என் மொட்டைமாடி வரைக்கும் ஒரு ஒயரைக் கொண்டுபோய்ப் போட்டியை நேரடியாகக் காட்டினோம். முதல் நாள் நீ பேசியதைக் கேட்டு எனக்கு எரிச்சலாக இருந்தது. படம்தான் தெரிகிறதே, பந்து இடது மூலைக்குப் போகிறது, மூன்றாம் நம்பர் எகிறுகிறான், இரண்டு கை குறுக்கே வருகிறது என்று ஒவ்வொன்றையும் எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். நீ என்னை ஒரு மடையனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாய்.

"நம்ம ஊர்ல டிவிய யார்றா பாக்கறான்? தறில குந்திகினு கீறவனுக்குக் கண்ணு நூல்ல இருக்கும். காது மட்டுந்தான் நம்மளுது."

அன்று மாலையே தெருவில் நடந்து பார்த்தேன். வீட்டுக்கு வீடு டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே உன் குரல்தான் கேட்டது. பாயிண்ட் விழுந்ததும் தறிகள் ஒரு கணம் நின்றன, பிறகு ஓடின. ஆஸ்பத்திரி முக்கில் லோகம்மாளும் அப்படித்தான். கடையை விட்டு அவள் ஒரு நாளும் மைதானத்துக்கு வந்ததில்லை. மூன்றாம் நாள் மட்டும் அடுப்பைத் தணித்து வைத்துவிட்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன டிவி முன்னால் கையைத் துடைத்துக்கொண்டு நிற்பாள். தன் பெயர் வந்ததும் அடுப்பை ஏற்றுவாள். அந்த அரை நிமிஷத்துக்காக வருஷா வருஷம் அத்தனை பேருக்குச் சோறு போட்டாள் என்பதை நான் அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

இனி என் பங்கைச் சொல்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். பெரிய கம்பெனிகள் கேபிளை வளைக்கத் தொடங்கியிருந்தன. வேலூரிலிருந்து ஒரு கம்பெனி மானேஜர் வந்தார். எங்களோடு சேருங்கள், இல்லாவிட்டால் தெருவுக்கு அந்தப் பக்கம் நாங்களே ஒயர் இழுப்போம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்னிடம் சேர்க்க என்ன இருந்தது? ஒரு குடை ஆன்டெனா, ரெண்டு வி.சி.ஆர்., தினமும் கிழிகிற ஒயர். அவருக்கு வேண்டியது வேறு. ஒரு குளிர்பானக் கம்பெனி மாவட்டத்தில் தன் பெயரைப் போடுவதற்கு ஒரு விளையாட்டைத் தேடிக்கொண்டிருந்ததாம். உங்கள் ஊர் வாலிபாலை எங்களுக்கு வாங்கிக் கொடுங்கள், ஆரணி லைன் உங்கள் கையிலேயே இருக்கும் என்றார். நான் ஒரு வாரம் யோசித்ததாக உன்னிடம் பிறகு சொன்னேன். பொய். அவர் கொடுத்த காபி ஆறுவதற்குள் சரி என்றுவிட்டேன்.

ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது. நான் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன், புரியாத இடத்தை மானேஜரிடமே கேட்டேன். போட்டியின் பெயர் அவர்களுக்கு. ஒளிபரப்பும் உரிமை அவர்களுக்கு. இதுவரை எடுத்த கேசட்டுகளும் அவர்களுக்கு. பேசுகிற ஆளை அவர்களே கொண்டு வருவார்கள். பலகையிலோ வாய்ச்சொல்லிலோ வேறெந்தக் கடையின் பெயரும் வரக்கூடாது. கடைசி வரியைக் காட்டி, உபயம் என்று ஒன்று உண்டு, அது விளம்பரமில்லை, வழக்கம் என்று சொல்லிப் பார்த்தேன். பெயர் என்று வந்துவிட்டால் எல்லாம் விளம்பரம்தான் சார் என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. அன்றன்றைக்குச் சமாளித்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் நான் அப்படித்தான் விடுவேன், உனக்குத் தெரியும்.

போட்டியை நடத்துகிறவன் என்று உன் கையெழுத்தும் வேண்டியிருந்ததால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு உன் பிரஸ்ஸுக்கு வந்தேன். நீ யாரோ ஒருவருடைய காதுகுத்துப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தாய். மூன்று முறை பார்ப்பாய் நீ. மூன்றாவது முறை கடைசி வரியிலிருந்து மேலே போவாய், அப்போதுதான் பிழை ஒளிந்துகொள்ளாது என்பாய். சுவரில் ஒட்டிய கட்சிப் போஸ்டரில் ஒற்று விட்டுப் போயிருந்தால்கூடப் பென்சிலால் போட்டுவிட்டு வருகிற ஆள். நான் உன்னிடம் மாவட்டம் முழுக்கக் காட்டுவார்கள், புது விளக்கு வரும், நல்ல பந்தல் வரும் என்று பாதியை மட்டும் சொன்னேன். உன் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

"தெள்ளார்ல தறி போடறவனும் கேப்பானா?" என்றாய்.

கேட்பான் என்றேன். யார் குரலை என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உபயம் பெயர் சொல்லலாம் இல்லையா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாய். அதெல்லாம் சொல்லலாம் என்றேன். பேனாவைத் திறந்துகொண்டு கடைசியாகக் கேட்டாய்.

"நீ படிச்சிட்ட இல்ல?"

"படிச்சிட்டேன்."

"அப்ப போதும். எங்க போடணும்?"

காதுகுத்துப் பத்திரிகையை மூன்று தடவை பார்க்கிற நீ, அதில் ஒரு வரிகூடப் பார்க்காமல் நான் காட்டிய இடங்களில் எல்லாம் கையெழுத்துப் போட்டாய். இதற்காக உன்மேல் எனக்கு வெகுநாள் கோபம் இருந்தது. ஏன்டா படிக்கவில்லை? உனக்கு இங்கிலீஷ் தெரியாதா? நீ படித்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பாய், என்னை நாலு வார்த்தை திட்டியிருப்பாய், நானும் பிழைத்திருப்பேன். என் யோக்கியதையை உன் தலையில் கட்டப் பார்த்த கோபம் அது. இருந்தாலும் அந்தக் கோபம் இருந்தது என்பதை மறைக்கவில்லை.

தை மாதம் வந்தது. விளக்கு வந்தது, பந்தல் வந்தது, குளிர்பானப் பெயர் போட்ட துணி மைதானத்தைச் சுற்றிக் கட்டப்பட்டது. சென்னையிலிருந்து ஒரு இளைஞன் பேச வந்தான். உன் சட்டையில் ஒரு பேட்ஜைக் குத்தி, முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அந்தப் பையன் நன்றாகத்தான் பேசினான். ஆனால் பந்து எங்கே இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சூப்பர், செம, கைதட்டுங்கள் என்றே நேரம் ஓட்டினான். தறியில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக டிவியை நிறுத்தினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். முதல் நாள் உபயம் பெயர் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய். நாளைக்குச் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள் என்றேன். இரண்டாம் நாளும் வரவில்லை. அன்று நீ என்னைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் அணிகள் இறங்கி நின்றன. நடுவர் விசிலை வாயில் வைக்கப் போகும்போது நீ நாற்காலியை விட்டு எழுந்தாய். நொண்டிக்கொண்டே போய் வலைக்கு அடியில் நின்றாய். இரண்டு கையையும் வாயருகே குவித்து, மைக் இல்லாமல், தொண்டை கிழியச் சொன்னாய். "மூணாம் நாள் உபயம்! ஆஸ்பத்திரி முக்கு இட்லிக்கடை லோகம்மாள்! அவங்க கையால சாப்ட்ட அத்தினி டீமும் ஒருதரம் கைதட்டணும்!"

மைதானத்தில் கைதட்டல் எழுந்தது. கூட்டத்தின் சத்தத்துக்காக நான் வலைக்கம்பத்தில் ஒரு மைக் கட்டியிருந்தேன், உன் குரல் அதில் விழுந்தது. பந்தலுக்குள், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸருக்கு முன்னால் நான் இருந்தேன். பக்கத்தில் மானேஜர். அவர் கையை மட்டும் இப்படித் தாழ்த்திக் காட்டினார். நான் வால்யூமைக் குறைத்தேன். நீ "மூணாம்" என்று தொடங்கும்போதே குறைத்தேன். படத்தை மாற்றக்கூட எனக்குத் தோன்றவில்லை. ஆகவே ஊர் முழுக்க, வந்தவாசி வரைக்கும், நீ வாயைத் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது.

உனக்கு அன்று தெரியாது. மறுநாள் காலை லோகம்மாள் உன்னைக் கேட்டிருக்கிறாள். உன் படம் வந்தது தம்பி, வாயை அசைத்தாய், சத்தம் வரவில்லையே, என் பெயரையா சொன்னாய் என்று. நீ நேராக என் ஆபீசுக்கு வந்தாய். வாசலிலேயே நின்றாய். பதினைந்து வருஷமாக என்னை "டா" போட்டே கூப்பிட்டவன்.

"நேத்து சத்தம் வரலியாமேங்க?" என்றாய்.

"லைன்ல ஏதோ கோளாறுடா."

"சரிங்க" என்றாய். கொஞ்ச நேரம் மிக்ஸரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போய்விட்டாய்.

அதற்குப் பிறகு நீ இருந்த மூன்று நான்கு வருஷமும் எனக்கு அந்த "ங்க" தான். எதிரில் பார்த்தால் வணக்கங்க. பிரஸ்ஸுக்கு வந்தால் உக்காருங்க, டீ சாப்புட்றீங்களா. ஊரில் யாருக்கும் தெரியாது, நம்மைப் பார்க்கிறவர்கள் மரியாதையான சிநேகிதர்கள் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு அறை விட்டிருக்கலாம் நீ.

குளிர்பானக் கம்பெனி இரண்டே வருஷத்தில் சலித்துப்போய்க் கிளம்பியது. நம் ஊர்ப் போட்டிக்கு எதிர்பார்த்த அளவு பார்வையாளர் இல்லையாம். அவர்கள் போனபின் நீ பழைய பெயரிலேயே போட்டியை மறுபடி நடத்தக் கிளம்பினாய். உபயக் குடும்பங்களை வீடு வீடாகப் பார்த்துச் சமாதானம் சொன்னாய், பச்சை மசியில் நோட்டீஸ் அடித்தாய். ஒட்டுவதற்குள் வக்கீல் நோட்டீஸ் வந்தது. அந்தப் பெயர் வேலூர்க் கம்பெனியின் சொத்து. அதை வைத்து அவர்களும் ஒன்றும் நடத்தப்போவதில்லை, ஆனால் நீயும் நடத்தக்கூடாது. வேறு பெயர் வைத்துக்கொள் என்று நான் ஆளனுப்பிச் சொன்னேன். வேறு பெயரில் நடத்தினால் அது வேறு போட்டிங்க என்று பதில் வந்தது. அந்த நோட்டீஸ்களைத்தான் நீ மகளுக்கு நோட்டாகத் தைத்துக் கொடுத்திருக்கிறாய். அடுத்த வருஷமே பிரஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். அடக்கத்துக்கு வந்தேன். கல்லறைத் தோட்டத்துக் கேட்டைத் தாண்டி உள்ளே வரவில்லை.

என் கேபிளை வேலூர்க்காரன் விழுங்கினான், வேலூர்க்காரனை அவனைவிடப் பெரியவன் விழுங்கினான். லைன் என் கையில் இருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன், உனக்கு அதில் ஏதாவது ஆறுதல் இருந்தால். அத்தனை வருஷத்துக் கேசட்டையும் ஒரு டிரங்குப் பெட்டியில் போட்டு நானே அவர்களுக்கு ஏற்றி அனுப்பினேன். நீ பேசிய எல்லாம் அதில் இருந்தது. இந்த வாரம் வேலூருக்குப் போய்ப் பார்த்தேன். அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. பழைய சாமானை எடைக்குப் போட்டிருப்பார்கள் என்று ஒருவர் சொன்னார்.

என்னிடம் மிஞ்சியது ஒரே கேசட். கம்பெனி வந்த முதல் வருஷம், மூன்றாம் நாள். மிக்ஸரிலிருந்தே எனக்கென்று ஒரு பிரதி ஓடவிட்டு வைத்திருந்தேன். இங்கேயே ஒரு போட்டோ ஸ்டூடியோவில் கொடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வாங்கினேன்.

இன்று காலை உன் மகள் வந்தாள். போட்டுக் காட்டினேன். நீ நாற்காலியிலிருந்து எழுந்ததும் அவள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நீ வலைக்கு அடியில் வந்து நின்றாய், கையைக் குவித்தாய், வாயைத் திறந்தாய். அவள் கம்ப்யூட்டரின் சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"டேப்பு பழசும்மா" என்றேன். "இந்த எடத்துல சத்தம் போயிடிச்சு."

அவள் படத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள். அப்பா என்ன சொல்கிறார் என்று உங்களுக்குத் தெரியுமா என்றாள். சொன்னேன். உன் உதடு அசைய அசைய ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். எத்தனை வருஷமாக அதைப் போட்டுப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அவள் அழுதாள், சிரித்தாள். ரிசப்ஷனில் இந்தப் படத்தைப் போடும்போது நீங்களே மைக்கில் இதைச் சொல்லுங்கள் மாமா என்று கையைப் பிடித்துக்கொண்டாள். லோகம்மாளின் பேத்தியையும் கூப்பிட்டிருக்கிறாளாம். நான் முடியாது என்று சொல்லவில்லை. உன் வாய்க்கு என் குரலைக் கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

பென்டிரைவைப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் மாப்பிள்ளை கம்ப்யூட்டர் தெரிந்தவன், அவனிடம் கொடுத்துச் சத்தம் ஏதாவது தேறுமா என்று ஒரு தடவை பார்க்கச் சொல்லேன் என்று வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும், அந்த ஒரு நிமிஷத்துக்கு முன்னும் பின்னும் கூட்டம் நன்றாகக் கேட்கிறது, நீ பேசும் இடத்தில் மட்டும் யாரோ கையால் குறைத்திருக்கிறார்கள் என்று. நான் சொல்லவில்லை. நீங்க பாத்துட்டீங்க இல்ல மாமா, அப்ப போதும் என்று அவளே சொல்லிவிட்டாள். உன் மகள்தான்டா. நான் கொண்டு வந்தேன் என்பதற்காகவே, ஒருதரம்கூடச் சரிபார்க்காமல் வாங்கிக்கொண்டு போகிறாள்.